முப்பத்தெட்டாம் வரிசையில் ஒரு கோடிச் சேலை

“மடியில் வைத்திருக்க முடியாது சார். முன்சீட்டுக்கு அடியில் வையுங்கள், இல்லையென்றால் மேலே தட்டில் வையுங்கள்” என்று விமானப் பணிப்பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். லண்டனில் இருந்து டொரொண்டோவுக்குப் போகும் விமானம். எனக்கு முப்பத்தெட்டாம் வரிசையில் நடு இருக்கை. மடியில் இருந்தது பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய ஒரு சேலை, அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில் வைத்தால் கால் படும். அது கால் படக் கூடாத சேலை. பத்தொன்பது வருடமாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற வாத்தியார் நான். அந்த ஒரு விஷயத்தை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஒரு வசனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் புருஷன் செத்துப்போனால், அவள் பிறந்த வீட்டில் இருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுச் சேலை கொண்டுபோக வேண்டும். காரியத்தன்று எல்லோருக்கும் முன்னால் அதை அவள் தோளில் போட வேண்டும். கோடி போடுவது என்று இதற்குப் பெயர். என் தங்கையின் புருஷன் செத்து அன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். அவள் இருப்பது டொரொண்டோவில். அவளுக்கு அண்ணன் தம்பி என்று நான் ஒருவன்தான். அந்தச் சேலையை அவள் தோளில் போட எனக்குக் கொஞ்சமும் மனம் இல்லை. போடாமல் இருக்கவும் வழி தெரியவில்லை. பதுளையில் இருந்து அத்திலாந்திக் சமுத்திரம் வரைக்கும் இந்த ஒன்றுதான் எனக்குள் உட்கார்ந்திருந்தது.

இத்தனைக்கும் இந்த டிக்கெட் இழவுக்கு எடுத்ததில்லை. தங்கை மகள் பெரியவளாகியிருந்தாள். பள்ளிக்கூட விடுமுறையில் மண்டபம் எடுத்துச் சடங்கு வைக்க நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் இல்லாமல் சடங்கா என்று மச்சானே விசாவுக்குக் கடிதம் அனுப்பி, டிக்கெட்டும் எடுத்து, ஃபோனில் படம் பிடித்து அனுப்பினார். “மச்சான், எக்கனமிதான். காலை நீட்ட ஏலாது, சமாளியுங்கோ. நடு சீட்தான் கிடைச்சது” என்று சிரித்தார். அப்புறம் ஒரு காலையில், வேலைக்குப் போகக் காரை எடுக்க வேண்டும் என்று வாசலில் குவிந்திருந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு அப்படியே சரிந்துவிட்டார். மண்டபத்தை ரத்துச் செய்தார்கள். டிக்கெட்டை மட்டும் யாரும் ரத்துச் செய்யவில்லை. அவர் பிடித்துக் கொடுத்த நடு இருக்கையில் உட்கார்ந்துதான் அவருடைய காரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

செய்தி வந்தபோது நான் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். ஃபோனைக் கேட்டேன், சட்டைப் பைக்குள் போட்டேன், நேரம் முடியும்வரை மேசைகளுக்கு நடுவே நடந்தேன், விடைத்தாள்களை எண்ணிக் கட்டினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். யாரோ என் தோளைப் பிடித்து “அழுதுருங்க சார்” என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி இருந்தது மனசு. கிள்ளினாலும் தெரியாது, ஊன்றவும் முடியாது. அது அன்றைக்கு மரத்தது, விமானத்திலும் அப்படியேதான் இருந்தது.

மச்சானை எனக்குப் பிடிக்கும். அவர் யாழ்ப்பாணத்து ஆள். தங்கை வெள்ளவத்தையில் ஒரு ஃபோன் கடையில் வேலைக்கு நின்றபோது, கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்தவர் சிம் வாங்கப் போய், அப்புறம் தினமும் ஏதாவது ஒரு சாக்கில் போய், கடைசியில் அவளையே கட்டிக்கொண்டார். அவருடைய அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. தோட்டக்காட்டுப் பெட்டையை எடுக்கிறான் என்று ஒரு வருடம் பேசவில்லையாம். மச்சான் அதையெல்லாம் எங்களிடம் மறைக்காமல் சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுத்து, “என்ன மச்சான், சுகமோ? தோட்டத்தில மழையோ?” என்று கேட்பார். பதினைந்து வருடமாக அதே கேள்வி. பதினைந்து வருடமாக எங்கள் வீட்டில் இருந்து ஒருவரும் அவர்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் அம்மா என்னைப் பதுளை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் எப்போதும் துணி எடுக்கிற முஸ்லிம் கடை. அம்மா உள்ளே போய், “கோடிக்கு ஒரு சேல வேணும் நானா” என்றது. நானா என்று நாங்கள் கூப்பிடுகிற கடைக்காரர் கல்லாவில் இருந்து எழுந்து நின்றார். “யாருக்கும்மா? கனடாவுல இருக்க புள்ளைக்கா? அல்லாஹ்வே!” என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்க வேண்டாம் போல் இருந்தது. வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, ஃபோனில் டிக்கெட்டைத் திறந்து, தெரிந்த எழுத்துகளையே திரும்பத் திரும்ப வாசித்தேன். அம்மா வெளியே வரும்போது கையில் பத்திரிகைப் பொதி இருந்தது. கடைப் பைகளில் மணமக்கள் படம் போட்டிருக்கும். அதில் கோடியைப் போடக் கூடாது என்று கடைக்காரரே தாளில் சுற்றிக் கட்டியிருக்கிறார். கோடித் துணிக்குப் பேரம் பேசுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

“போடுற வரைக்கும் பிரிக்கக் கூடாது. பெட்டியில போட்டுறாத, கையில கொண்டுபோ” என்றது அம்மா.

“இந்தக் காலத்துல இதெல்லாம் எதுக்கும்மா? அவ படிச்ச ஊர்ல இருக்கா. அவளப் போயி...”

“நீ வெறுங்கையோட போயி நின்னீன்னா அவ அநாதையா நிப்பாடா. அது ஒனக்கு வெளங்காது.”

அது என் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அம்மா பழைய ஆள், அப்படித்தான் சொல்லும் என்று விட்டுவிட்டேன். சடங்குக்காகத் தைத்து வைத்திருந்த பட்டுப் பாவாடையை அம்மா பெட்டியில் இருந்து எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டியது. நல்லதும் கெட்டதும் ஒரே பெட்டியில் போகக் கூடாதாம். புறப்படும்போது பழக்கதோஷத்தில் “போயிட்டு வர்றேம்மா” என்று சொல்லிவிட்டேன். கேதத்துக்குப் போகிறவன் சொல்லக் கூடாத சொல் அது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஹாலிஎலைச் சந்தியில் பஸ் ஏறும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம்தான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

எனக்குக் கோடி மேல் இருந்த கோபம் இன்றைக்கு வந்ததில்லை. அப்பா செத்தபோது எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஐந்து. அம்மாவின் அண்ணன் கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். பதினாறாம் நாள் விடியலில் இருந்தே மழை. எங்கேயோ மண் சரிந்து பஸ் வரவில்லை. மாமா பாதித் தூரம் நடந்தே, கக்கத்தில் இடுக்கிய பொதியோடு நனைந்து வந்து சேர்ந்தார். லயத்து வாசலில் அம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி வளையலை உடைத்தாள். ஒருத்தி பூவைப் பிய்த்தாள். ஒருத்தி பெருவிரலால் பொட்டை அழித்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு வெள்ளைச் சேலையை அம்மா தோளில் போட்டார். அப்போது எழுந்த ஒப்பாரியைக் கேட்டு நான் பீலிக்கரைக்கு ஓடிப்போய், கொட்டுகிற தண்ணீருக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்து ஆட்கள் சாப்பிடும்போதுதான் திரும்பி வந்தேன்.

அந்த ஆத்திரத்தை நான் பிற்பாடு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன். வாத்தியாராகி, இளைஞர் மன்றக் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டபோதெல்லாம் கோடியைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருப்பவளைப் பிணமாக்கும் துணி என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப் பேசிய வாய்தான் இப்போது பொதியை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல் மூடிக்கொண்டிருந்தது.

பணிப்பெண் காத்திருந்தாள். எழுந்து பொதியை மேல் தட்டில், என் கைப்பைக்குப் பின்னால் வைத்தேன். ஓரத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, தன் கனத்த குளிர்கோட்டைச் சுருட்டி நேராக அதன் மேலேயே திணித்தாள். கோடியின் மேல் இன்னொருவர் துணி படலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால் கூடாது என்றுதான் சொல்லும்.

“யாருக்காவது பரிசா?” என்று கிழவி கேட்டாள். நல்ல மனுஷி. லண்டனில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாளாம்.

“என் தங்கைக்கு.”

“என்ன அது?”

“சேலை.”

“எவ்வளவு அழகு! அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், பாருங்கள்.”

“ஆமாம்” என்றேன்.

எக்கனமி வகுப்பு எனக்குப் புதிது என்று சொல்ல முடியாது. நான் பிறந்து வளர்ந்ததே அப்படி ஒன்றில்தான். வரிசையாகப் பத்தடிக் காம்பராக்கள், இந்தப் பக்கத்தான் இருமினால் அந்தப் பக்கத்தான் முதுகில் அதிரும், கக்கூஸ் கடைசியில், அதற்கு ஒரு வரிசை. முன்னால் திரை போட்டு மறைத்திருந்த பிஸினஸ் வகுப்புதான் துரை பங்களா. அங்கே இருந்து கண்ணாடிக் கோப்பைகள் கிணுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. ஏற்றும்போதுகூடக் குழு குழுவாக நம்பர் சொல்லி நிற்க வைத்துத்தான் ஏற்றினார்கள். காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து நிறுத்துகிற கங்காணி செய்கிற அதே வேலை. மச்சானிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்த பிறகுதான், சொல்ல ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. முன்சீட்டுத் திரையின் வரைபடத்தில் விமானம் ஒரு நீல வெளியின் ஓரத்தில் நகராமல் நின்றுகொண்டிருந்தது.

கோழியா பாஸ்தாவா என்று கேட்டார்கள். கோழி என்றேன். கேத வீட்டுக்குப் போகிறவன் மாமிசம் தின்னலாமா என்று பாதி தின்ற பிறகுதான் யோசித்தேன். மிச்சப் பாதியையும் தின்றேன். சின்ன ரொட்டிப் பாணைத் தின்றேன், வெண்ணெயைத் தனியாக நக்கித் தின்றேன், மஞ்சளாக ஒரு இனிப்பு இருந்தது, அதையும் தின்றேன். எதிலும் ருசி தெரியவில்லை. ஆனாலும் தட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. லயத்தில் வளர்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் மட்டும் எந்தத் துக்கத்திலும் போவதில்லை.

நாங்கள் சூரியனோடு சேர்ந்து மேற்கே போய்க்கொண்டிருந்ததால் பகல் முடியவே இல்லை. லண்டனில் பின்னேரம் இரண்டு மணி, சமுத்திரத்துக்கு நடுவிலும் அதே இரண்டு மணி வெயில். ஜன்னலோரத்துப் பையன் திரையை மூடிவிட்டுத் தூங்கினான். ஒருமுறை அவன் திறந்தபோது கீழே எட்டிப் பார்த்தேன். கடல் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. பனிக்கட்டி என்று கிழவி சொன்னாள். மச்சான் அள்ளிய பனியும் இதுதான் என்று நினைத்தேன். நான் ஒருபோதும் பனியைத் தொட்டதில்லை. ஒரு மனுஷனைக் கொல்லும் அளவுக்கு அது கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த எட்டு மணி நேரத்தில் நூறு தடவையாவது தங்கையை மனசுக்குள் உட்கார வைத்துப் பார்த்தேன். மச்சான் வீட்டு ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். அவள் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பத்திரிகைத் தாளைப் பிரிக்கிறேன். வெள்ளைச் சேலை. அதை எடுத்து அவள் தோளில் போடுகிறேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தேன்.

விமானம் இறங்கி நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து இடித்துக்கொண்டார்கள். கிழவி தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, “உங்கள் தங்கையிடம் என் அன்பைச் சொல்லுங்கள்” என்றாள். நான் கையை நீட்டிக் கைப்பையை எடுத்தேன். பொதி தட்டின் பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சணல் முடிச்சுத் தெரிந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே ஞாபகம் இருந்தது. கை போகவில்லை. பின்னால் நின்றவர் “போங்கள்” என்பது போல் இருமினார். நான் போய்விட்டேன். வாசலைத் தாண்டும்போது எனக்கு ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றிருந்தாள். நான் நினைத்து வந்த மாதிரி இல்லை. சாம்பல் நிறக் குளிர்கோட்டும் சப்பாத்தும் போட்டு, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். பக்கத்தில் அவள் மகள், அம்மா உயரத்துக்கு. தங்கை ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டு “அண்ணே” என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அப்புறம் என்னை விட்டு ஒரு அடி பின்னால் போய், என் வலது கையைப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். தள்ளுவண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“கோடி எங்கண்ணே?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை, வெறுப்பு இல்லை. பள்ளிக்கூட வாசலில் அப்பாவைத் தேடுகிற பிள்ளையின் முகம் அது.

“அம்மா ஃபோன்ல சொன்னுச்சு, கையிலதான் குடுத்துவிட்டேன்னு. பெட்டியில போட்டுட்டியா?”

“பிளேன்ல விட்டுட்டேன்” என்றேன். “மேல வச்சது. மறந்துட்டேன்.”

அவள் தள்ளுவண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். பிறகு அவளே எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். “பரவால்லண்ணே. எவ்வளவு தூரம் வந்திருக்க, தூக்கக் கலக்கத்துல யாருக்கும் மறக்கும். இங்க கேட்டா எடுத்துக் குடுப்பாங்க, வா.” என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். அவளே நிரப்பினாள். வரிசை முப்பத்தெட்டு. துணிப் பொதி. பத்திரிகைத் தாள்.

“கலர் கேட்டிருக்குண்ணே. என்ன கலர்?”

“வெள்ளை” என்றேன்.

பேனா நின்றது. “அம்மா வெள்ளையா எடுத்துச்சு?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வெள்ளை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சொல்லை எழுதும்போது அவள் முகம் சுருங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

காரில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பக்கமும் வீதியோரத்தில் அழுக்குப் பனி. மகள் பின்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள். தங்கை வீதியைப் பார்த்தபடியே பேசினாள். மச்சானுடைய அக்கா அவளிடம், “உங்கட பக்கத்தில இருந்து ஆர் வருவினம்? ஒருத்தரும் இல்லையெண்டா கிரியையைச் சுருக்கமா முடிப்பம்” என்று கேட்டாளாம். கெட்ட எண்ணத்தில் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாளாம். “எங்கண்ணன் வருது, கோடி கொண்டு வருதுன்னு சொல்லிட்டேன். அவங்களுக்குக் கோடின்னா என்னன்னு வெளங்கல. பொறந்த வீட்டுல இருந்து வர்றதுன்னு சொன்னேன்” என்றாள்.

நான் மேடையில் பேசியதை எல்லாம் சுருக்கமாக அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மாவை நடுவில் வைத்து அன்றைக்குச் செய்தார்களே, அது உனக்கு வேண்டுமா என்றேன்.

“நீதான் ஓடிப் போயிட்டியேண்ணே” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. “நான் அம்மா மடியிலதான இருந்தேன். மழைக் குளிரு. எல்லாரும் அழுறாங்க, எனக்கு நடுங்குது. மாமா சேலயப் போட்டாரு பாரு, அம்மா அதப் பிரிச்சு என்னையும் சேத்து மூடிக்கிருச்சு. புதுத்துணி வாசம். நான் அதுக்குள்ளயே தூங்கிட்டேன். அவரு போன அன்னைக்கி இருந்து எனக்கு அந்த வாசந்தாண்ணே ஞாபகம் வருது.”

பீலித் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து நின்ற பதினொரு வயதுப் பயல் முப்பத்து நாலு வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறான், பாதியைப் பார்க்காமலேயே. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று ஒன்று தெரிந்ததே அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அவள் வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்கு எடுத்தாள். சேலை தொலைந்ததை அவளே சொன்னாள், அண்ணனைத் திட்டாதே என்றும் சொன்னாள். அம்மா திட்டவில்லை. “போகட்டும் விடு. நல்ல சேலடி அது. நாவப்பழக் கலரு, மெல்லிசா ஒரு கரை. கலரா இருக்குன்னு அங்க பேசுவாங்களேன்னு கடை நானா கேட்டாரு. எம்புள்ள சின்னப் புள்ள, வெள்ளை கட்ட மாட்டான்னு சொல்லிப்புட்டேன்” என்றது. ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது. தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீ பாக்கவே இல்லயாண்ணே?” என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

உடனே விமான நிலையத்துக்கு எடுத்து நிறத்தை மாற்றச் சொன்னாள். மாற்றிக்கொண்டோம் என்றார்கள். அடுத்த நாளும் எடுத்தாள், அதற்கு அடுத்த நாளும் எடுத்தாள். அப்படி ஒரு பொதியும் வரவில்லை.

முப்பதாம் நாள் காலையில் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனாள். காரியத்துக்குச் சாமான் வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவர்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி; எங்களுக்குப் பதினாறு போல அவர்களுக்கு அது. திரும்பி வந்து, மகள் அறைக்குள் போன பிறகு, சமையல் மேசையில் ஒரு பையை வைத்தாள். தமிழ்க்கடைப் பை, கடைப் பேரைப் பெரிதாகப் போட்டது. உள்ளே நாவற்பழக் கலரில் ஒரு சேலை, மெல்லிய கரை. இழுப்பறையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்து, கடை லேபலை நறுக்கிக் குப்பையில் போட்டாள். பையை நாலாக மடித்து ஒளித்தாள். வீட்டில் வந்து கிடந்த இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் இரண்டு தாளை உருவி, சேலையைச் சுற்றினாள். சணல் இல்லை. ஏதோ கேக் பெட்டிக்குக் கட்டி வந்த வெள்ளை நூலால் கட்டினாள்.

கட்டி முடித்து என்னிடம் நீட்டினாள். “நீ ஒங்கையால போடுண்ணே, போதும்” என்றாள்.

மறுநாள் மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். ஐயர் தன் வேலையை முடித்ததும் தங்கை என்னைப் பார்த்தாள். யாரும் வளையலை உடைக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அவள் அதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை. நான் எழுந்து போய்ப் பொதியைப் பிரித்து, சேலையை விரித்து அவள் தோளில் போட்டேன். அவள் ஒரு தலைப்பை இழுத்துப் பக்கத்தில் இருந்த மகளையும் சேர்த்து மூடிக்கொண்டாள். என் விரலில் ஏதோ குத்தியது. லேபல் கோர்த்திருந்த பிளாஸ்டிக் நரம்பின் மிச்சம் கரையில் சிக்கியிருந்தது. யாரும் பார்க்கும் முன் அதைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. முப்பத்தோரு நாளாக வராத அழுகை, அத்தனை பேருக்கு முன்னால், மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தது.

மச்சானின் அக்கா குனிந்து சேலையின் கரையைத் தொட்டுப் பார்த்தாள். “வடிவான சீலை. இது ஊரிலயிருந்து வந்ததோ?” என்று கேட்டாள்.

“ஆமா மச்சாள்” என்றாள் தங்கை, என்னைப் பார்க்காமல். “எங்கண்ணன் வழி பூரா கையிலயே வச்சுக் கொண்டாந்துச்சு.”